நாட்டமும் தொழிலும்

(மாணவர்களும் வேலைவாய்ப்புத் துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்தியாவில் ஒரு மாணவனின் வாழ்க்கைத் தொழிலைப் பற்றிய முதல் பெருமுடிவு அவனது பதினைந்தாம் வயதிலேயே எடுக்கப்பட்டு விடுகிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த சில வாரங்களுக்குள் கணிதப் பிரிவா, உயிரியலா, வணிகவியலா, தொழிற்பிரிவா என்பது தீர்ந்து போகிறது. அதைத் தீர்ப்பவன் பெரும்பாலும் மாணவன் அல்லன்; அவன் பெற்ற மொத்த மதிப்பெண்ணே தீர்க்கிறது. மிகுந்த எண் பெற்றவனுக்கு அறிவியல், அடுத்தவனுக்கு வணிகவியல், எஞ்சியவனுக்கு எஞ்சிய இடம் என்ற வரிசை எழுதப்படாத சட்டமாக வழங்கி வருகிறது. இவ்வரிசையில் எந்தப் படியிலும் கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. இந்த மாணவனின் நாட்டம் எதில் என்பதே அது.

இக்கேள்வியை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதற்கில்லை. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் 1908ஆம் ஆண்டிலேயே இளைஞர்களுக்கான தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் வகுத்த முறை எளியது. இளைஞன் தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திச் சிந்தித்தல் என்ற மூன்றே படிகள். அந்த ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. பின்னர் இத்துறையில் தோன்றிய கொள்கைகளும் சோதனைகளும் பெரும்பாலும் அம்மூன்று படிகளின் விரிவே.

இந்தியாவும் பின்தங்கி நிற்கவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் 1938இல் பயன்முறை உளவியல் பிரிவு தொடங்கி, தொழில்நெறி ஆய்வில் இறங்கியது. 1947இல் அலகாபாத்தில் உளவியல் நிலையம் ஏற்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, எல்லா மாணவரையும் ஒரே பாதையில் ஓட்டிச் செல்வதைக் கண்டித்தது. கலை, அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு பிரிவுகளைக் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றும், பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர் பள்ளிகளுக்கு வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. 1954இல் தில்லியில் கல்வி, தொழில்நெறி வழிகாட்டலுக்கான மத்திய நிலையம் நிறுவப்பட்டது. 1964-66இல் பணியாற்றிய கோத்தாரி குழு, வழிகாட்டல் தொடக்கப் பள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று ஒரு படி மேலே சென்றது.

ஆயினும் பல்நோக்குப் பள்ளிகள் நிலைபெறவில்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் நூற்றுக்குப் பத்துப் பேரை 1990க்குள்ளும் இருபத்தைந்து பேரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவர எண்ணியது. 1992இல் கொள்கை திருத்தப்பட்டபோது அந்த ஆண்டுகள் முறையே 1995, 2000 எனத் தள்ளிவைக்கப்பட்டன. இதற்குப் பணப் பற்றாக்குறையையும் கருவிப் பற்றாக்குறையையும் காரணமாகச் சொல்வார்கள். அவை உண்மையே. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு. தொழிற்பிரிவு, அதில் நாட்டம் உடையவனுக்கு உரிய இடமாக நடத்தப்படவே இல்லை. வேறெங்கும் இடம் கிடைக்காதவனுக்கு உரிய இடமாகவே நடத்தப்பட்டது. மரவேலையில் உள்ளம் பறிகொடுத்த மாணவன் எண்பது விழுக்காடு மதிப்பெண் பெற்றுவிட்டால், ஆசிரியரே அவனைத் தொழிற்பிரிவில் சேரவிடாமல் தடுத்து விடுவார். இத்தகைய ஏற்பாட்டில் இலக்குகள் எட்டப்படாததில் வியப்பில்லை.

பொருளில் அன்று, செயலில்

நாட்டம் என்பதற்குப் பலரும் கொள்ளும் பொருள் குழப்பமானது. நாட்டம் வேறு, திறன் வேறு. இசையில் நாட்டம் உள்ளவனுக்குச் செவித்திறன் இல்லாதிருக்கலாம். கணக்கில் வல்லவனுக்குக் கணக்கே சலிப்பூட்டலாம். இவ்வேறுபாட்டை உளவியலார் பலமுறை எடுத்துரைத்துள்ளனர். அவ்வளவாக எடுத்துரைக்கப்படாத வேறொன்று உண்டு. ஒருவனது நாட்டம் ஒரு பொருளின் மீது இருப்பதாகத் தோன்றினாலும், உண்மையில் அது ஒரு செயலின் மீதே நிற்கிறது.

நிலப்படங்களில் ஆசை கொண்ட ஒரு மாணவனை எடுத்துக்கொள்ளலாம். அட்லசை விரித்தால் மணிக்கணக்கில் மூடமாட்டான். இவனுக்கு எந்தத் தொழில் பொருந்தும்? புவியியல் ஆசிரியராகலாம் என்று வீட்டார் சொல்வர். அவன் அப்படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று எவரும் பார்ப்பதில்லை. பார்த்துப் பார்த்து வரைகிறான் என்றால், கல்கத்தாவில் 1956இல் தேசிய நிலப்பட நிறுவனமாகத் தொடங்கிய அமைப்பில் நடைபெறும் பட வரைவுப் பணி போன்றது அவனுக்கு உகந்தது. படத்தில் கண்ட இடங்களுக்கு நடந்தே போய்ப் பார்க்கத் துடிக்கிறான் என்றால், 1767 முதல் இயங்கிவரும் இந்திய நில அளவைத் துறையின் களப்பணியோ, மண் ஆய்வோ, வனத்துறையோ பொருந்தும். தொலைவுகளையும் பரப்புகளையும் கணக்கிட்டுப் பார்ப்பதில் இன்பம் காண்கிறான் என்றால், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொலையுணர்வுத் துறை இருக்கிறது. ஊர்ப்பெயர்கள் எப்படி வந்தன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்றால், அவன் விரும்புவது புவியியலே அன்று; வரலாறும் மொழியியலுமாகும். பொருள் ஒன்றே, தொழில்கள் நான்கு. ‘எது பிடிக்கும்?’ என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் இந்த நான்கில் எதுவும் வெளிப்படாது. ‘அதை வைத்து என்ன செய்யப் பிடிக்கும்?’ என்பதே வினவ வேண்டியது.

இதற்கு இந்தியப் பொதுவாழ்வில் வர்கீஸ் குரியனைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. கோழிக்கோட்டில் 1921இல் பிறந்த அவர், சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் இயந்திரப் பொறியியலும் பயின்றவர். பின்னர் ஜாம்ஷெட்பூர் எஃகு ஆலையில் பயிற்சி பெற்றார். அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது அவர் விரும்பிய துறை கிடைக்கவில்லை. பால் பொறியியல் என்று ஒதுக்கப்பட்டது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர் பால் பொறியியலைப் பெயரளவுக்குத் தொட்டுவிட்டு, இயந்திரவியலிலும் உலோகவியலிலுமே மனத்தைச் செலுத்தினார். திரும்பியதும் ஒப்பந்தத்தின்படி குஜராத்தில் உள்ள ஆனந்த் என்னும் சிற்றூரின் அரசு வெண்ணெய்ப் பண்ணைக்கு அனுப்பப்பட்டார். 1949 மே 13ஆம் நாள் அங்கே வந்து சேர்ந்தவருக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. எப்போது விடுதலை கிடைக்கும் என்பதே அது.

விடுதலை கிடைத்தது. அவர் பம்பாய்க்குப் புறப்பட இருந்த வேளையில், கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல், பழுதடைந்து நிற்கும் எந்திரங்களைச் சரிசெய்து தந்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொண்டார். 1946இல் பதிவான அவ்வொன்றியம் அப்போது சிறியது. பழைய எந்திரங்களைச் செப்பனிடுவதில் பயனில்லை, புதியன வாங்க வேண்டும் என்றார் குரியன். வாங்கியதும் நிறுவித் தர வேண்டியதாயிற்று. நிறுவியதும் நடத்திக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் ஆனந்தை விட்டுப் போகவே இல்லை. எருமைப் பாலைப் பால்மாவாக்க இயலாது என்று அயல்நாட்டு வல்லுநர்கள் சொல்லிவந்த காலத்தில், உடன் பணியாற்றிய தலயா என்னும் தொழில்நுட்ப வல்லுநரின் முயற்சியால் அது கைகூடியது; 1955இல் பால்மா ஆலை எழுந்தது. 1965இல் தேசியப் பால்வள வாரியம், 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் எனப் பணி விரிந்தது. 1998இல் பால் உற்பத்தியில் இந்தியா உலகின் முதலிடத்தை அடைந்தது.

இக்கதையைக் கேட்பவர்கள் ‘நாட்டம் தேவையில்லை, கிடைத்த வேலையைச் செய்தால் நாட்டம் தானே வரும்’ என்று முடிவு கட்டி விடுகிறார்கள். பெற்றோர் சிலர் மகனை அடக்க இதைப் பயன்படுத்துவதும் உண்டு. அம்முடிவு சரியன்று. குரியனுக்குப் பாலின்மீது நாட்டம் பிறக்கவில்லை. தமக்குப் பால் பிடிக்காது, தாம் பால் குடிப்பதில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னதுண்டு! எந்திரங்களை இயக்குவது, பெரிய அமைப்பைக் கட்டி நடத்துவது, தடை சொல்பவரோடு வாதிட்டு வெல்வது ஆகியவற்றில் அவருக்கு இளமை முதல் இருந்த விருப்பம் ஆனந்தில் முழு அளவில் வேலை பெற்றது. வெண்ணெய்ப் பண்ணையில் அச்செயல்களுக்கு இடமில்லை. அங்கே அவர் சலித்துக் கிடந்தார். சில அடி தொலைவில் இருந்த கூட்டுறவு ஒன்றியத்தில் இடம் இருந்தது, அங்கே தழைத்தார். ஊரும் பாலும் இரண்டிடத்திலும் ஒன்றே. மாறியது செயல்.

அப்துல் கலாமின் தொடக்கமும் இவ்வழிப்பட்டதே. விமானம் ஓட்டுவதே அவருடைய இளமைக் கனவு. டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக நின்றார். ஓட்டும் இருக்கை கைநழுவியதால் வான்துறையையே துறந்துவிடவில்லை; 1958இல் பாதுகாப்பு அமைச்சகத்தின் வானூர்தித் தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்தார். ஒரு பதவியையே நாட்டத்தின் முழு உருவமாகக் கருதுகிறவன், அப்பதவி கிடைக்காத அன்றே எல்லாம் முடிந்ததென்று உட்கார்ந்து விடுகிறான்.

சோதனைத் தாள்களின் பயனும் எல்லையும்

நாட்டத்தை அளக்க முதலில் பெயர்பெற்ற கருவி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து எட்வர்டு ஸ்ட்ராங் 1927இல் வெளியிட்ட வினாத்தாள். ஒரு தொழிலில் நெடுங்காலம் மனநிறைவோடு இருப்பவர்களின் விருப்பு வெறுப்புகளைத் தொகுத்து, இளைஞனின் விடைகள் அவற்றை எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்ப்பதே அதன் அடிப்படை. பின்வந்த கூடர், மூன்று செயல்களைத் தந்து மிகப் பிடித்தது எது, சற்றும் பிடிக்காதது எது என்று கேட்டார். 1959இல் ஜான் ஹாலண்ட் மனிதரையும் தொழில்களையும் ஆறு வகைகளாகப் பிரித்தார். இந்தியாவில் பல மொழிகள் வழங்குவதை எண்ணிய கல்கத்தா ஆய்வாளர் சட்டர்ஜி, சொற்களே இல்லாமல் கோட்டுருவப் படங்களைக் கொண்டு நாட்டத்தை அறியும் சோதனை ஒன்றை உருவாக்கினார். எழுத்தறிவின் ஏற்றத்தாழ்வு விடையைக் கெடுக்காதிருக்க அது நல்ல வழி.

ஆனால் எந்தத் தாளும், கண்ணால் காணாத தொழிலைப் பற்றி மாணவனின் உள்ளத்தைச் சொல்ல முடியாது. தருமபுரி மாவட்டத்து மலையடிவாரச் சிற்றூரிலும் சரி, பீகாரின் சமவெளிக் கிராமத்திலும் சரி, ஒரு சிறுவன் அருகில் கண்ட ஊதியப் பணிகள் நான்கைந்துதான்: ஆசிரியர், காவலர், செவிலியர், கிராம அலுவலர், பேருந்து நடத்துநர். கப்பலின் எந்திர அறை, அச்சகத்தின் மெய்ப்புத் திருத்தகம், மருந்தாலையின் ஆய்வுக்கூடம் ஆகியவை பிடிக்குமா என்று அவனைக் கேட்டால் வரும் விடை, நாட்டத்தின் விடை அன்று, ஊகத்தின் விடை. மதிப்புக்குரிய விடை எது என்று எண்ணி எழுதுவோரும் உண்டு. ‘மருத்துவர்’ என்று எழுதும் கைகளில் எத்தனை, நோயாளியின் புண்ணைத் தொடத் தயங்காத கைகள்?

பெண்கள் நிலையில் தாளே பக்கச்சார்புடையதாய் இருந்தது. ஸ்ட்ராங்கின் வினாத்தாள் ஆண்களுக்கு ஒன்று, 1933 முதல் பெண்களுக்கு வேறொன்று என இருவகையாக வழங்கியது. இரண்டும் ஒன்றாக்கப்பட்டது 1974இல்தான். அமெரிக்காவின் நிலையே அது. இந்திய வீடுகளில் பெண்ணின் தொழிலை முடிவு செய்யும் கேள்விகள் இன்றும் வேறானவை. கல்லூரிக்குப் பேருந்து உண்டா, விடுதி உண்டா, மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப முடியுமா என்பனவே முதலில் கேட்கப்படுகின்றன. அக்கேள்விகளை இழிவாகப் பேசுவதில் பயனில்லை. அவை பாதுகாப்பைப் பற்றியவை. ஆனால் விடுதிக் கட்டடம் ஒன்று எழுந்தால் விடை மாறும் கேள்விகள் அவை. எந்திரவியலில் நாட்டம் கொண்ட பெண்ணை வேறு பிரிவுக்குத் திருப்பிவிட்டு, ‘பெண்களுக்கு எந்திரவியலில் நாட்டமில்லை’ என்று அறிக்கை எழுதுவது மட்டும் நேர்மையன்று.

வயதின் சிக்கல்

ஸ்ட்ராங் தம் மாணவர்களை விடாமல் பின்தொடர்ந்தவர். கல்லூரியை விட்டுப் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களது நாட்டங்கள் எந்நிலையில் இருந்தன என்பதை 1955இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். ஏறத்தாழ இருபத்தைந்து வயதுக்குப் பிறகு நாட்டம் அதிகம் மாறுவதில்லை. பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடையில்தான் மாற்றம் மிகுதி என்பது அவருடைய ஆய்வுகள் காட்டியது. இந்திய மாணவனின் இடர் இங்கேதான் இருக்கிறது. நாட்டம் நிலைகொள்ளும் வயதுக்குப் பத்தாண்டு முன்னரே அவனைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தேர்ந்தெடுத்த பின் மாற்றிக்கொள்ள விடுவதில்லை.

வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை ஓராண்டை இழந்து பிரிவை மாற்றிக்கொள்வான். நிலத்தை அடகு வைத்துப் படிக்க வைத்த குடும்பத்தில் அது நடவாது. நாட்டத்தைப் பற்றிப் பேசுவது செல்வர் வீட்டு ஆடம்பரம் என்று சொல்பவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள். தவறான தேர்வின் விலை ஏழைக்கே அதிகம். ஆகவே முன்கூட்டிய வழிகாட்டல் அவனுக்கே முதலில் தேவை. வேலைச் சந்தையை மறந்து நாட்டம் ஒன்றையே நாடச் சொல்வதும் அவனுக்குச் செய்யும் தீங்கே ஆகும். பார்சன்ஸ் சொன்ன இரண்டாம் படி அதனால்தான் இருக்கிறது.

குடும்பத்துக்கு உடனடி வருமானம் வேண்டும் என்ற நிலையில் நாட்டம் காத்திருக்கலாம், அழிய வேண்டியதில்லை. சி. வி. இராமன் 1907இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றபோது, அறிவியல் ஆய்வை முழுநேரத் தொழிலாக்கிக் கொள்ள நாட்டில் வாய்ப்பு அரிது. நிதித்துறைத் தேர்வெழுதிக் கல்கத்தாவில் கணக்கு அலுவலரானார். காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்தார். ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டபோதும் ஆய்வு நிற்கவில்லை. பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தபின், 1917இல் அரசுப் பணியைத் துறந்து, வருமானம் குறைந்த பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். 1930இன் நோபல் பரிசை எல்லாரும் அறிவர். அப்பத்தாண்டு மாலை நேரங்களைச் சிலரே எண்ணுகின்றனர். அலுவலர்களாக இருப்போர் எண்ணிப் பார்க்கத் தக்கவை அவை.

அலுவலகத்தின் பங்கு

போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945இல் ஏற்பட்ட வேலைவாய்ப்புப் பணி, பின்னர் எல்லாருக்கும் உரியதாகி, 1956 நவம்பரில் மாநிலங்களின் நிருவாகத்துக்கு வந்தது. 2015 முதல் தேசியத் தொழில்நெறிச் சேவை இணையவழியில் பதிவும் ஆலோசனையும் அளித்து வருகிறது. வடிவம் மாறினாலும் பதிவின் இயல்பு மாறவில்லை. விண்ணப்பதாரரின் கல்வித் தகுதியும் முன் அனுபவமும் எண்ணாகின்றன. நாட்டத்துக்கு எண் கிடையாது.

ஆனால் அவ்வெண்களுக்குப் பின்னே ஓர் அரிய நூல் இருக்கிறது. தேசியத் தொழில் வகைப்பாடு 1958இல் முதலில் வெளிவந்து, 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. ஒவ்வொரு தொழிலிலும் ஒருவர் நாள்தோறும் என்னென்ன செய்கிறார் என்பதை அது வினைச்சொற்களால் விவரிக்கிறது: அளக்கிறார், பொருத்துகிறார், சரிபார்க்கிறார், விளக்குகிறார், பதிவேட்டில் குறிக்கிறார். அலுவலகங்களில் இந்நூல் எண் தேடுவதற்கு மட்டுமே திறக்கப்படுகிறது. அதை மாணவர் கையில் கொடுத்து, எந்த வினைச்சொற்கள் தன்னை ஈர்க்கின்றன என்று குறிக்கச் சொன்னால், விலை கொடுத்து வாங்கும் பல சோதனைத் தாள்கள் செய்யாததை அது செய்யும். வனவிலங்கில் ஆசை கொண்டு வன அலுவலராக விரும்புபவன், அப்பணியில் விலங்குகளைக் காணும் நேரத்தைவிடத் தீத்தடுப்புக் கோடுகள், வழக்குக் கட்டுகள், பணியாளர் பட்டியல்கள் ஆகியவற்றோடு கழியும் நேரம் அதிகம் என்பதைச் சேருமுன் அறிவான். அறிந்தும் விரும்பினால் அது உண்மையான நாட்டம்.

அடுத்தபடி, நேரில் காண்பது. ஒரு தொழிலில் இருப்பவரிடம் ‘இத்தொழில் நல்லதா?’ என்று கேட்பதைவிட, ‘நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று கேட்பது பயன் தரும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் பத்து நாள்கள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் சென்று பயில வேண்டும் என்கிறது. கலை, அறிவியல் பிரிவுகளுக்கிடையே உள்ள கடுமையான சுவர்களை அகற்றவும் சொல்கிறது. ஏழு பிரிவுப் பள்ளிகளைப் பற்றி முதலியார் குழு சொன்னதற்கு நேர்ந்தது இதற்கும் நேராதிருக்க, இந்தப் பத்து நாள்கள் சுற்றுலாவாக மாறிவிடாமல் காக்கத் தலைமையாசிரியர்களால் முடியும்.

தேர்வில் பிழை நேர்ந்தவனுக்கும் வழிகள் இருக்கின்றன; அவை பலருக்குத் தெரிவதில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் பெற்றவன் பல மாநிலங்களில் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். பட்டயம் பெற்றவன் பொறியியல் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பழகலாம். 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 1989இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியும் வேலையில் இருந்தபடியே பாடத்தை மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன.

இவ்வழிகளின் விவரம், சேரும் தகுதி, கட்டணம், கடைசி நாள் ஆகியவை ஒரே தாளில் அந்தந்த மாநில மொழியில் அச்சாகி, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாவதற்கு முன்னரே ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியின் அறிவிப்புப் பலகைக்கும் வந்துசேர வேண்டும். முடிவு வெளியான பின் வரும் தாளை, சேர்க்கை விண்ணப்பத்தில் ஏற்கெனவே கையொப்பமிட்டுவிட்ட மாணவனே படிப்பான்.